பதினோரு விளக்கு மண்டபம்

செருப்பக் கழத்தணுமான்னா கேக்குதீங்க? அது ஒங்க இஷ்டம் தம்பி. இதப் பாத்துக்கிடுத சோலைச்சாமி அண்ணாச்சி வீட்டு ஆளுக இந்த வாசப்படியில செருப்ப விட்டுட்டு, குனிஞ்சு படியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத்தான் உள்ள போவாக. நீங்க கவர்மெண்டு ஆளு, பூட்ஸோடயே போகலாம். நான் வரல. இங்கன வாசல்லயே நிக்கேன். சே சே, யாரும் இப்ப என்னத் தடுக்குதது கெடையாது, அந்தக் காலமெல்லாம் போச்சு. எனக்குத்தான் மனசு வரல. எதுக்குன்னு பொறவு சொல்லுதேன்.

அந்தா அந்த சிமிண்டு மேடையில உக்காந்து எழுதுங்க. வேற உக்கார எடமும் கெடையாது. மெதுவா, பேனாவக் குழிக்குள்ள போட்டுறாதீங்க. ஆமா, வட்ட வட்டமாக் குழி. நீங்க உக்காந்திருக்கது ஏழாவது. மொத்தம் பதினொண்ணு. நாலாவது பக்கம் மட்டும் போகாதீங்க, அதுக்கு மேல சுவர்ல மாலை போட்டு ஒரு படம் தொங்குது பாருங்க, மீசையும் தலப்பாவுமா. அண்ணாச்சியோட தாத்தா அவிய. அந்த எடத்துலதான் வெள்ளக்காரத் தொர அவியளப் பக்கத்துல உக்கார வச்சுப் பேசினாகன்னு ஐதீகம். தாத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, தொரைக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு மணி நேரம் பேசினாகளாம்.

எம்பேரு எபநேசர். கோவில்பட்டியில நூலகரா முப்பத்தி நாலு வருசம் இருந்து ரிட்டயரானேன். புஸ்தகத்துக்கு நம்பர் போட்டு, அதது இருக்கவேண்டிய எடத்துல வைக்கிறதுதான் வேலை. சமையல் புஸ்தகம் ஒண்ணு சரித்திர அலமாரியில இருந்துட்டா அன்னைக்கு எனக்குச் சோறு எறங்காது. அப்படி ஒரு கோட்டி. அதனாலதான் ஒங்க பாரத்தப் பாத்த ஒடனே ஒரு சந்தேகம் வந்துச்சு. மண்டபம்னு எழுதியிருக்கீங்களே, மண்டபம்னா தூணு இருக்கணும். இதுல ஒரு தூணு காட்டுங்க. சரி விடுங்க. அண்ணாச்சி மண்டபம்னு சொன்னா அது மண்டபந்தான்.

ஒங்க பிளான்ல என்ன போட்டிருக்கு? கட்டடம் நம்பர் பதினாலு. அம்புட்டுத்தானே? எந்த நம்பர் எதுக்குக் கட்டினதுன்னு சொல்லுத பக்கத்தக் காணோம். டெல்லியிலயோ லண்டன்லயோ கரையான் தின்னுருக்கும். அதனால கரட்டூரணி எபநேசரு வந்து சொல்லணும்னு ஆயிப்போச்சு. சூரியன் மறையாத சாம்ராச்சியம் கட்டின கட்டடத்துக்கு, வாசல்ல நிக்கிறவன் சாட்சி.

இல்ல, நான் ஒண்ணும் கிண்டல் பண்ணல. எனக்கு வெளங்குனதச் சொல்லுதேன், சரியான்னு பாத்துக்கிடுங்க. நாளன்னைக்கு சோலார் கம்பெனி மிஷின் வருது. இந்தப் பழைய ஏரோட்ரம் முந்நூறு ஏக்கரையும் நெரவிக் கண்ணாடி பதிக்கப் போறாக. அதுக்கு முந்தி, சண்டைக்காலத்துக் கட்டடத்துல சரித்திர முக்கியத்துவம் உள்ளது எதுவும் இருந்தா அத மட்டும் விட்டுட்டு, வேலி அடைச்சு, போர்டு வைக்கணும்னு கலெக்டர் ஆபீஸ்ல உத்தரவு. நாளன்னைக்கு மிஷின், இன்னைக்குச் சரித்திரம். நல்லது. மிச்சம் இருக்கது மூணே கட்டடம். பெட்ரோல் வச்ச கொட்டடியில இப்ப வெள்ளாடு அடையுது. காவக் கோபுரத்துல கோபுரமும் போயி காவலும் போயி மூணு படிக்கட்டு மட்டும் வானத்தப் பாத்து நிக்குது. மூணாவது இது. அதிகாரிமாரு கூடுத மண்டபம்னு நான் கையெழுத்துப் போட்டா நிக்கும். வேற என்னமும்னு சொன்னா புதன்கெழம சாயங்காலம் தரையோட தரை. சரிதானே?

அண்ணாச்சிக்கு இதுல எதுக்கு இம்புட்டு அவசரம்னா, வெள்ளிக்கெழம இங்கன வெளக்கேத்துதாக. புது மருமக வாரா. அந்த வீட்டுக்கு வாக்கப்படுத பொண்ணு யாரானாலும் இந்த மேடையில பதினோரு வெளக்கையும் தங்கையால ஏத்தி, அந்த மூலையில பால் காய்ச்சிப் பொங்கவிட்டு, பொறவுதான் வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கணும். ஏத்தினாத்தான் மருமக. ஏத்தலன்னா தாலி கட்டியிருந்தாலும் அவ எவளோ ஒருத்தி.

புது மருமகன்னு சொல்லுதேன், கல்யாணம் ஆகி மூணு வருசம் ஆச்சு. மவன் சதீஷ்குமாருக்குக் கோயம்புத்தூர்ல வேலை. அங்கன ஒரு பொண்ணோட பழகி, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மாலை மாத்திக்கிட்டான். வேத்து ஆளு. சேதி வந்த அன்னைக்கு அண்ணாச்சி, எனக்கு மவன் செத்துட்டான்னு மொட்டை போட்டாக. பேச்சுக்குச் சொல்லல தம்பி, நெசமாவே சுடுகாட்டுல போயி உக்காந்து போட்டாக. அந்தப் பொண்ணு இந்த எல்லைக்குள்ள கால் வச்சா, கால் இருக்காதுன்னும் சொல்லி விட்டாக. மூணு வருசம் அவளும் வரல. இப்ப ஒரு பொம்பளப் பிள்ள பொறந்திருக்கு. பேத்தியப் பாக்காம பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்னு அண்ணாச்சி வீட்டம்மா கற்பகம் படுத்துட்டாக. நாலாம் நாளு மனுசன் எறங்கி வந்துட்டாரு. பங்காளி அத்தனை பேரையும் கூட்டி வச்சு, வெள்ளிக்கெழம அவ வெளக்கேத்துவா, ஏத்தின பொறவு எவனும் ஒரு சொல்லு சொல்லப்படாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டாரு.

மண்டபத்த இடிச்சுட்டா என்னவா? என்ன தம்பி இப்படிக் கேக்குதீங்க. மண்டபம் இல்லன்னா வெளக்கு இல்ல. வெளக்கு இல்லன்னா அவ இல்ல. பாத்தியா, அவ வாரான்னதும் மண்டபமே போச்சுன்னு ஒரு பேச்சு போதும், பங்காளிக அதுக்குத்தான் வாயத் தொடச்சுட்டு உக்காந்திருக்கானுக. பொறவு அண்ணாச்சியே நெனச்சாலும் அவள உள்ள சேக்க முடியாது.

சரி, அவிய வீட்டு விசயம். நீங்க சரித்திரம் கேளுங்க.

நாப்பத்திரெண்டுல சப்பான்காரன் கொழும்புல குண்டு போட்டான். அடுத்த குண்டு தூத்துக்குடிக்குத்தான்னு இங்கன ஒரே பேச்சு. ஊருக்கு மேக்க இருந்த கரிசக்காட்ட ப்ளேன் எறக்கன்னு வெள்ளக்காரன் எடுத்துக்கிட்டான். சண்டை முடிஞ்சதும் திருப்பித் தாரோம்னு சொல்லித்தான் எடுத்தான். முடிஞ்சுது. நாட்டையே திருப்பிக் குடுத்துட்டுப் போனான், காட்ட மட்டும் குடுக்கல. ப்ளேனா? எங்கப்பா சொல்லுக்கு மொத்தம் மூணு ப்ளேன் எறங்கியிருக்கு. அதுல ஒண்ணு வழி தப்பி வந்தது.

அவன் போன பொறவு அந்த ஓடுதளத்துல நாங்க வத்தல் காயப் போட்டோம். உளுந்து அடிச்சோம், மக்காச்சோளம் பரப்பினோம். எந்த ஊரு வத்தல எடுத்தாலும் மண்ணு கெடக்கும், எங்க ஊரு வத்தல்ல கெடக்காது. ரெண்டாம் உலகப்போரால கரிசக்காட்டுக்கு வந்த ஒரே லாபம் மண்ணில்லாத வத்தல். பொறவு ஆளாளுக்கு ஓடுதளத்துக் கல்ல ராவி எடுத்து வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாக. போட்டு என்ன செய்ய? கரிச மண்ணு மழைக்கு ஊதும், வெயிலுக்கு வாயப் பொளக்கும். வெடிப்பு இல்லாத வீடு இந்த ஊர்ல ஒண்ணு காட்டுங்க பாப்போம். அண்ணாச்சி வீட்டு மாடிச் சுவர்ல இருக்கிற வெடிப்புக்குள்ள பல்லி குடும்பத்தோட வாழுது.

இதப் பாருங்க. எம்பது வருசம். ஒரு கோடு விழுந்திருக்கா? தட்டிப் பாருங்க. அடியில சுக்கான் பாறை தட்டுத வரைக்கும் தோண்டி அங்கேருந்து கட்டிக் கொண்டாந்திருக்கான். இதக் கண்டுதான் அண்ணாச்சியோட அப்பா, உச்சிமாகாளி மொதலாளி, ஒரு முடிவுக்கு வந்தாக. இம்புட்டுப் பலமாக் கட்டியிருக்கான்னா ஏதோ பெரிய காரியத்துக்குத்தான் கட்டியிருப்பான்னு. நியாயமான யோசனைதான். நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்.

குழிக்கு மூணு ஆராய்ச்சி நடந்திருக்கு. மொத ஆராய்ச்சி, குண்டத் தலகீழா நட்டு வச்ச குழி. மேடையில வரிசையா பதினோரு குண்டு, பக்கத்துல தொர உக்காந்து டீ குடிக்காரு. இது கொஞ்ச நாள் ஓடுச்சு. ரெண்டாவது, கம்பியில்லாத் தந்திக்குக் கம்பம் நட்ட குழி. கூரைக்குக் கீழ எதுக்குக் கம்பம்னு ஒருத்தனும் கேக்கல. மூணாவது அண்ணாச்சி தம்பி வேல்ராஜ் சொன்னது. அவரு மிலிட்டரியில இருந்தவரு, சமையல்கட்டுல. அவரு வந்து பாத்துட்டு, இது வெளக்குக் குழி, பதினோரு வெளக்கயும் ஏத்தி வச்சு அந்த வெளிச்சத்துல தொரமாரு மேப்ப விரிச்சு யோசன பண்ணுவாகன்னாரு. இம்புட்டு அகலக் குழியில எம்புட்டுப் பெரிய வெளக்குன்னு நீங்க கேப்பீங்க. ஊரு கேக்கல. அன்னையிலேருந்துதான் ஒவ்வொரு குழி மேலயும் தாம்பாளத்த வச்சு, அது மேல குத்துவெளக்கு.

பின்பக்கம் சுத்திப் பாத்தீங்களா? பாருங்க. தரையோட ஒட்டி, ஒண்ணரை அடிச் சதுரத்துல, பதினோரு சின்ன வாசல். இந்தக் குழி ஒவ்வொண்ணுக்கும் நேர் கீழ ஒண்ணு. இரும்புத் தகட்டுக் கதவு தொங்குன கொண்டி இன்னும் இருக்கு. அது படுத்துக்கிட்டுத் துப்பாக்கி நீட்டுததுக்காம். மேக்க என்ன இருக்கு சுட? கவுதாரியும் ஓணானுந்தான்.

என்ன தம்பி, எந்திரிச்சிட்டீங்க?

ஆங். வெளங்கிட்டா?

அதேதான். அதிகாரிமாரு கக்கூஸு. துணியத் தட்ட வேண்டாம், எம்பது வருசமாச்சு, ஒண்ணும் ஒட்டாது. ஒங்களுக்கு இருவது நிமிசத்துல வெளங்கிட்டு. இவியளுக்கு அறுவது வருசமா வெளங்கல. நடுவுல மரத் தடுப்பு இருந்துச்சு, அதக் கதவு செய்யன்னு எவனோ கழத்திக்கிட்டுப் போயிட்டான். தடுப்பு போன பொறவு பாக்க மண்டபம் மாதிரித்தான் இருக்கும்.

எப்படி வெளங்கும் சொல்லுங்க. இந்த ஊரு அப்ப வாழ்நாள்ல கக்கூஸப் பாத்தது கெடையாது. காடு பூரா தொறந்து கெடக்கும்போது, இதுக்குன்னு ஒரு கட்டடம், அதுக்குச் சுக்கான் வரைக்கும் அஸ்திவாரம், மேல கான்கிரீட்டுக் கூரைன்னா எவன் நம்புவான்? எட்டு ஊருக்கு ஓட்டு வீடே இல்லாத காலம். சாமிக்கே ஓலைக் கொட்டகைதான். கல்லு செமக்கப் போன ஆளுகளுக்கு இந்தப் பக்கம் பாஸு கெடையாது, சுத்தி முள்ளுக்கம்பி. உள்ள போயி வந்தது இந்த ஊர்ல ஒரே ஒரு ஆளு. எங்கப்பா ஞானமுத்து. அப்ப அவருக்குப் பத்தொம்பது வயசு.

ஆமா. அந்த வேலைதான். முன்வாசல் இல்ல, பின்னால அந்தச் சின்ன வாசல் பதினொண்ணுதான் அவருக்கு. தகட்டத் தூக்கி, வாளிய இழுத்து, வேற வாளிய வச்சுத் தள்ளணும். காலையில ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ. தொர உள்ள உக்காந்திருக்கும்போதே இழுக்க வேண்டியதும் வரும்னு சொல்லுவாரு. தொர சீட்டியடிச்சா நிறுத்தணும், மறுபடி அடிச்சா இழுக்கணும். தொரமாரு இவருகிட்டப் பேசின பேச்சு அம்புட்டுத்தான்.

அப்பவே ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. அறுவத்திமூணுல உச்சிமாகாளி மொதலாளி இந்தக் கட்டடத்த வளைச்சுக்கிடும்போது அப்பாவக் கூப்பிட்டு விட்டாக. ஏலே ஞானமுத்து, நீ உள்ள இருந்தவன்லா, இது தொரமாரு கூடுத மண்டபந்தானன்னு கேட்டாக. கேள்வியும் அவியளே கேட்டு, பதிலையும் அவியளே சொல்லியாச்சு. மொதலாளி அப்படிக் கேட்டா எங்க ஆளுகளுக்கு ஒரே ஒரு வேலைதான், ஆமா மொதலாளின்னு சொல்லுதது. அதுக்கு மேல ஒரு வார்த்தை வந்துட்டா எதுத்துப் பேசுதான்னு அர்த்தம். அப்பா ஆமா மொதலாளின்னுட்டு வந்துட்டாரு. அவரு பொய் சொல்லல பாத்துக்கிடுங்க. வழக்கமாச் சொல்லுததச் சொன்னாரு.

வீட்டுக்கு வந்து கதவச் சாத்திக்கிட்டு அம்மாகிட்ட விசயத்தச் சொன்னாரு. எனக்கு அப்ப ஏழு வயசு. அம்மா முந்தானைய உருட்டி வாயில அடைச்சுக்கிட்டுத் தரையில உருண்டது இன்னும் கண்ணுல நிக்குது. நான் சாகுத வரைக்கும் ஒருத்தனும் வாயத் தெறக்கப்படாதுன்னு அப்பா சத்தியம் வாங்கினாரு. பயம் ஒரு பக்கம். அடுத்த தையில மொதலாளி குடும்பம் பூரா குளிச்சு முழுகி, பட்டு கட்டி, செருப்ப விட்டுட்டு, வெறுங்காலோட வரிசையா உள்ள போறதப் பாத்த பொறவு பயம் போயிட்டு. அப்பா படிக்குக் கீழதான் நிக்கணும். மண்டபம் ஆயிட்டுல்லா, எங்க ஆளுகளுக்குப் படிக்கு மேல அனுமதி கெடையாது. வருசம் தவறாம வந்து நிப்பாரு. வேற எந்த வாசல்ல நிக்கச் சொன்னாலும் அவருக்கு வலிக்கும். இந்த வாசல்ல நிக்கும்போது மட்டும் மொகத்துல ஒரு தெளிச்சி இருக்கும்.

நான் ஏன் உள்ள வரலன்னு இப்பத் தெரிஞ்சுதா? செருப்பில்லாம இதுக்குள்ள கால வைக்க எனக்கு அருவருப்பு.

சோலைச்சாமி அண்ணாச்சியும் நானும் ஒரே வகுப்பு. அப்பா அப்ப கோவில்பட்டியில துப்புரவு வேலைக்குப் போயிட்டு இருந்தாரு. பள்ளிக்கூடத்துல எனக்கு எபநேசர்ங்கிற பேரே கெடையாது, பக்கெட்டுதான். பக்கெட்டு வாரான், மூக்கப் பொத்திக்கோங்கலேன்னு சோலைச்சாமிதான் மொதல்ல சொல்லுவாரு. ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வரும். முழுங்கிருவேன். ஊறட்டும், ஊறட்டும்னு அப்படியே வச்சிருந்தேன். அப்பா ரெண்டாயிரத்தி மூணுல தவறிட்டாரு. சத்தியம் முடிஞ்சுது. அப்பயும் சொல்லல. நாப்பது வருசம் ஊறினத, கண்டவன் கேக்க டீக்கடையில வச்சா சொல்ல முடியும்? அதுக்கு ஒரு தகுந்த எடம் வேணும்னு இருந்தேன்.

வந்துட்டீங்களே, அதத்தான் சொல்ல வாரேன். கவர்மெண்டே பாரத்தக் கொண்டாந்து, சீலு போட்டு, என் வாயால கேக்குது. நேத்து ராத்திரி பூரா எனக்கு அந்த போர்டுதான் கண்ணுல. நீலத்துல வெள்ள எழுத்து. அதிகாரிகள் கழிப்பிடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திமூணு. தமிழ்ல ஒண்ணு, இங்கிலீஷ்ல ஒண்ணு. பஸ்ஸுல போறவன் தலைய நீட்டிப் படிக்கணும்.

எழுதிறவா? பொறுங்க, பேனாவ வைங்க. கக்கூஸுக்கும் சரித்திரம் உண்டுன்னு நீங்க சொல்லுதது நல்ல மனசுதான். நானும் ஒத்துக்கிடுதேன். ஆனா ஒங்க மேல இருக்கிற ஆளு ஒத்துக்கிடணுமே. கக்கூஸுக்கு வேலி அடைக்கச் சொல்லி எவன் கையெழுத்துப் போடுவான்? அப்படியே போட்டாலும், வெள்ளிக்கெழம அங்கன எவ வந்து வெளக்கேத்துவா?

நேத்து ஞாயித்துக்கெழம. ஆராதன முடிஞ்சு வந்து சட்டையக் கழத்திட்டு உக்காந்திருக்கேன். வாசல்ல அண்ணாச்சி. அறுவது வருசத்துல எங்க தெருவுக்குள்ள அவிய வந்தது அதான் மொத தடவ. பிளாஸ்டிக் சேரப் போட்டேன். உக்காந்தாக. எங்க வீட்டுல மேரிராணி டீ கொண்டாந்து வச்சா. குடிச்சாக தம்பி. பாதி டம்ளர். மீதிய வச்சிட்டாக, ஆனா பாதி குடிச்சாக. இந்தப் பாரத்தோட நகலக் காட்டி, எபநேசரு, என் மானம் உன் ஒத்தக் கையெழுத்துலதான் இருக்குன்னாக. மானம் எது மேல உக்காந்திருக்குன்னு தெரியாமலே சொன்னாக. எனக்குச் சிரிப்பு வரணும். வரல. பாரத்த என் பக்கமா நீட்டினாக. மூக்கப் பொத்துன அதே கைதான்.

இல்ல, ஒண்ணும் குடுக்கல. மெரட்டவும் இல்ல. மெரட்டியிருந்தா எனக்கு வேலை சுளுவாப் போயிருக்கும்.

சரி, நேரமாச்சு, வெயிலும் ஏறிட்டு. எழுதிக்கிடுங்க. கட்டடத்தின் பயன்பாடு. விமானப்படை அதிகாரிகள் ஒன்றுகூடி அமர்ந்த மண்டபம். ஒன்றுகூடின்னு சேத்து எழுதுங்க.

ஏன் பேனா நிக்குது?

ஆமா, இப்பத்தான் கக்கூஸுன்னு சொன்னேன். இல்லன்னு சொல்லலையே. அது ஒங்க காதுக்குச் சொன்னது, இது பேப்பருக்கு. பொய்ச்சாட்சிதான், தெரியும். பத்துக் கட்டளையில எங்க கணக்குக்கு ஒம்பதாவது, கத்தோலிக்கக்காரவிய கணக்குக்கு எட்டாவது. எந்தக் கணக்குல பாத்தாலும் தப்புதான். தப்பான அலமாரியில தெரிஞ்சே நான் வைக்கிற மொத புஸ்தகம் இது. அதுக்கு முந்தி ஒரு ஆளுகிட்டயாவது நெசத்தச் சொல்லிறணும்னு இருந்துச்சு. கத்தோலிக்கக்காரவியன்னா சாமியார்கிட்ட முட்டுப்போட்டுச் சொல்லிட்டுப் போயிருவாக. நாங்க சி.எஸ்.ஐ., எங்களுக்கு அந்த வசதி கெடையாது. அதான் நீங்க.

அடுத்தது என்ன? சாட்சிக்கு விவரம் தெரிந்த வழி. தந்தையார் ஞானமுத்து மேற்படி கட்டடத்தில் பணிபுரிந்தவர். என்ன பணின்னா? பணின்னு மட்டும் போடுங்க, மரியாதையா இருக்கும்.

அதுக்குக் கீழ? கட்டடத்தைப் பராமரித்து வருபவருக்கும் சாட்சிக்கும் உள்ள உறவு. நீங்களே கோடு போட்டுட்டீங்களா? எதுக்கு, சாதிய வச்சா? பரவால்ல, எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாக. அந்தக் கோட்ட அடிச்சுட்டு, மேல சம்பந்தின்னு எழுதுங்க.

ஆமா தம்பி. சம்பந்தி. வினோலியா எம்மவ. ஒரே மவ. மூணு வருசமா நாங்கதான் பஸ்ஸேறிக் கோயம்புத்தூர் போயி பாத்துட்டு வாரோம்.

நல்லாத் தெளிவா எழுதுங்க. நேத்து டீ குடிச்சவிய, மத்ததெல்லாம் பேசினாக, அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில வரல. எனக்குக் கீழ அவிய கையெழுத்துப் போடணும்ல? படிச்சுப் பாத்துட்டுத்தான போடணும்? போடட்டும். சர்க்கார் சீலோட இருக்கட்டும்.

அவளுக்குத் தெரியுமாவா? தெரியாம என்ன, அவ தாத்தா மடியில உக்காந்து கேட்டவல்லா. நேத்து சாயங்காலம் போன்ல அதத்தான் கேக்கா. அப்பா, வெளக்கேத்தையில எனக்குச் சிரிப்பு வந்துட்டா என்ன செய்யன்னு. தலையக் குனிஞ்சுக்கோட்டி, புது மருமக வெக்கப்படுதான்னு நெனைச்சுக்கிடுவாகன்னு சொல்லியிருக்கேன்.